கேம் ஐடி வாங்கி 14,500 ரூபாயை இழந்திருக்கிறேன், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்

"உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது" என்ற ஒற்றை வரி, நான் கேம் ஐடி வாங்கிய இணையச் சந்தையிலிருந்து இன்று காலை பதினொரு மணிக்கு என் கைபேசிக்கு வந்தது. எட்டு நாட்களாக நான் எழுதிய செய்திகளுக்கும், அனுப்பிய பத்தொன்பது ஸ்கிரீன்ஷாட்டுகளுக்கும் கிடைத்த பதில் அவ்வளவுதான். 14,500 ரூபாய் போய்விட்டது. பப்ஜியின் இந்திய வடிவமான பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற கைபேசி விளையாட்டில் பிறர் ஆடி வளர்த்த ஐடியை, அதாவது விளையாட்டுக் கணக்கை, விலைக்கு வாங்கலாம் என்று இந்த நேரத்தில் யாரேனும் யோசித்துக்கொண்டிருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதை முழுதாகப் படியுங்கள். எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்பதையும் இறுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். 2020 ஊரடங்கின்போது நானும் என் சித்தி மகன்கள் இருவரும் மாமா மகனும் ஒரே அணியாக இரவுதோறும் பப்ஜி ஆடுவோம். பகலெல்லாம் வேலை இருக்குமா இருக்காதா என்று தவித்த எனக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் நிம்மதியாக இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது அதுவும் போனது. 2021 ஜூலையில் இந்தியாவுக்கென்று தனியாக இந்த விளையாட்டு வந்தபோது, பழைய ஐடியில் இருந்தவற்றைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளச் சில மாதங்கள் வாய்ப்புக் கொடுத்தார்கள். அந்த மாதங்களில் நான் அப்பாவோடு மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். மற்ற மூவரும் மாற்றிக்கொண்டார்கள், நான் தவறவிட்டேன். என்னிடம் இருந்த பனி படர்ந்த கிளேசியர் எம்416 துப்பாக்கியும், ஒவ்வொரு சீசனிலும் சேர்த்த உடைகளும், மூன்று முறை தொட்ட ஏஸ் என்ற உயர்ந்த தகுதியும் அப்படியே அழிந்துபோயின. இந்தத் தீபாவளிக்கு நால்வரும் மறுபடி ஆடத் தொடங்கியபோது, அவர்கள் பழைய கோலத்தில் நிற்க, நான் வெறும் பனியனும் கால்சட்டையுமாக அடிமட்டமான வெண்கலத் தகுதியில் நின்றேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அற்பமாகத் தெரியலாம், ஆனால் எனக்கு அது வலித்தது.

போனஸ் பணம் கையில் இருந்தது. விளையாட்டு ஐடிகளை வாங்கவும் விற்கவும் என்றே நடக்கும் ஓர் இணையச் சந்தையில் தேடினேன். அதன் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. பணத்தை அவர்களே பிடித்து வைத்திருப்பார்கள், வாங்கியவர் "எல்லாம் சரி" என்று உறுதி செய்த பிறகுதான் அது விற்றவரின் கைக்குப் போகும் என்று முகப்பிலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நான் நம்பினேன். நான் இழந்த அதே துப்பாக்கியோடு, எழுபதைத் தாண்டிய லெவலில் ஓர் ஐடி 16,000 ரூபாய்க்கு இருந்தது. பேசி 14,500-க்குக் கொண்டுவந்தேன்.

விற்றவன் என்னை முதல் வரியிலிருந்தே "அண்ணா" என்றுதான் கூப்பிட்டான். "சிங்கிள் லாகின் அண்ணா, ஒரே ஒரு ஜிமெயில்தான், வேறு எதோடும் இணைக்கவில்லை" என்றான். வீடியோ அழைப்பில் வந்து ஐடியைத் திறந்து, ஒவ்வொரு துப்பாக்கியாக, ஒவ்வொரு உடையாகப் பொறுமையாகக் காட்டினான். ஜிமெயிலையும் கடவுச்சொல்லையும் கொடுத்தான். நான் உடனே கடவுச்சொல்லை மாற்றினேன், மீட்பு எண்ணாக என் எண்ணைப் போட்டேன், அவனுடைய பழைய கைபேசியை அந்தக் கணக்கிலிருந்து வெளியேற்றினேன். இவ்வளவையும் செய்த பிறகு இனி அவனால் உள்ளே வரவே முடியாது என்று நினைத்தேன். சரிபார்க்க எனக்கு இருபத்து நான்கு மணி நேரம் இருந்தது. ஆனால் இரண்டு மணி நேரம் கழித்து அவன் அழைத்து, தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட இன்று மாலை நான்கு மணிதான் கடைசி, உறுதி செய்துவிட்டால் பெரிய உதவியாக இருக்கும் என்று தழுதழுத்த குரலில் கேட்டான். நானும் என் தங்கைக்குக் கட்டணம் கட்டக் கடைசி நாளில் ஓடியவன். பொத்தானை அழுத்திவிட்டேன். "நன்றி அண்ணா, நல்லா இருப்பீங்க" என்று செய்தி அனுப்பினான். அந்தச் செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு கொதிக்கிறது.

ஐந்து நாட்கள் ஆடினேன். ஆறாம் நாள் இரவு, ஆட்டத்தின் நடுவிலேயே வெளியே தள்ளப்பட்டேன். மறுபடி உள்ளே போக முயன்றால் ஜிமெயில் கடவுச்சொல் தவறு என்றது. என் எண் அந்தக் கணக்கில் இல்லை. இது எப்படி நடந்தது என்பதை அன்றிரவு தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஜிமெயிலில் மீட்பு எண்ணையோ மீட்பு மின்னஞ்சலையோ மாற்றினாலும், அடுத்த ஏழு நாட்கள் வரை பழைய எண்ணுக்கே குறியீட்டை வரவழைத்துக் கணக்கை மீட்க கூகுள் இடம் கொடுக்கிறது. கணக்கைத் திருட்டுக் கொடுத்த அப்பாவிகள் அதைத் திரும்பப் பெறுவதற்காக வைத்த வழி அது. அந்த வழியிலேயே நுழைந்துதான் இவன் விற்ற பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டான். நான் எவ்வளவு வேகமாகக் கடவுச்சொல்லை மாற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. இருபத்து நான்கு மணி நேரம் முழுதும் காத்திருந்தாலும் இதுவேதான் நடந்திருக்கும், ஏனென்றால் அவனுக்குக் கிடைத்த அவகாசம் ஏழு நாள், எனக்குக் கொடுத்த அவகாசம் ஒரே நாள். பல ஆண்டுகளாக இதையே தொழிலாக நடத்தும் சந்தைக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.

சந்தையின் உதவிப் பிரிவுக்கு அன்றிரவே எழுதினேன். எழுபத்து இரண்டு மணி நேரம் பொறுத்திருங்கள் என்றார்கள். பொறுத்திருந்தேன். விற்றவரைத் தொடர்புகொள்ள முயல்கிறோம் என்றார்கள். பிறகு வேறொருவர் வந்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். மூன்றாவதாக வந்தவர், "நீங்களே உறுதி செய்துவிட்டீர்கள், எனவே பரிவர்த்தனை முடிந்தது, அதன்பின் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று விதிமுறைகளில் ஒரு பத்தியை ஒட்டினார். என் 14,500 ரூபாயில் உங்கள் கமிஷன் எவ்வளவு, அதையாவது திருப்பித் தருவீர்களா என்று கேட்டேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. வங்கியில் விசாரித்தால், யுபிஐ பின்னை நீங்களே போட்டு அனுப்பிய பணம், நாங்கள் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுத்து ஒப்புகை எண் வாங்கியிருக்கிறேன். அழைப்பை எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் பணம் போன சில மணி நேரத்துக்குள் சொல்லியிருந்தால் முடக்க வாய்ப்பு இருந்திருக்கும் என்றார். நான் ஆறு நாள் கழித்துத்தானே ஏமாந்ததையே அறிந்தேன்!

விளையாட்டு நிறுவனத்திடம் முறையிடவும் வழியில்லை. ஐடியை விற்பதும் வாங்குவதும் அவர்களுடைய விதிமுறைப்படியே குற்றம், தெரிந்தால் ஐடியை முடக்குவார்கள். ஐடியை முதலில் உருவாக்கியவருக்கு மட்டும்தான் அதைப் பயன்படுத்தும் உரிமை என்பது அவர்கள் கணக்கு.  

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். கை நடுங்குவதால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஐடியை வாங்காதீர்கள். "சிங்கிள் லாகின்" என்பதை நம்பாதீர்கள். விற்ற பிறகும் ஜிமெயிலை உருவாக்கியவனிடம் அது திரும்பிப் போக முடியும். அவசரம் என்று யார் அழுதாலும் உறுதிப் பொத்தானைத் தொடாதீர்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் சந்தையின் பதிலுக்காகக் காத்திருக்காமல் முதலில் 1930-ஐ அழையுங்கள்.

இதை எழுதும் முன் அதே சந்தையை மறுபடி திறந்து பார்த்தேன். வேறொரு விற்பனையாளர் பெயரில், "சிங்கிள் லாகின், முழுப் பாதுகாப்பு" என்ற அதே வாசகத்தோடு, அந்த ஐடி 15,000 ரூபாய்க்கு நிற்கிறது. வாங்கிய அன்றே பெயர் மாற்றும் அட்டையைப் பயன்படுத்தி, எங்கள் நால்வரின் முதல் எழுத்துகளையும் சேர்த்து ஒரு பெயர் வைத்திருந்தேன். படத்தில் இன்னும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. தமிழ் எழுத்தில் நான்கு எழுத்துப் பெயரும், கையில் கிளேசியர் எம்416-உம் உள்ள ஐடி உங்கள் கண்ணில் பட்டால், அது என்னிடம் ஒருமுறை விற்கப்பட்டது, தயவுசெய்து வாங்காதீர்கள்.