சுங்கை சிப்புட் அக்கா கடை: நெத்திலி சம்பல், தோசை, திங்கக்கெழம காலைல லேடீஸ் கோல்ஃப்

எங்க மலேசியா பேராக் சுங்கை சிப்புட் டவுன்ல விடியக்காலைலயே தொறக்கற சாப்பாட்டுக் கடைங்க சிலது இருக்கு, ஆனா டிவில லேடீஸ் கோல்ஃப் ஓடுற கடை எனக்குத் தெரிஞ்சு இது ஒன்னுதான். பேர் போர்டு கெடையாது, அக்கா கடைன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. எல்.பி.ஜி.ஏ.ங்கற லேடீஸ் புரோ கோல்ஃப் தொடரோட 2025 சீசன்ல பாதிக்கு மேல நான் இங்க உக்காந்துதான் பாத்தேன், அதனால சாப்பாடு, கோல்ஃப் ரெண்டையும் சேத்தே எழுதறேன்.

சாப்பாடு முதல்ல. தோசை நல்ல மொறுமொறு, சட்னி அன்னன்னைக்கு அரைக்கிறது, ஆனா இந்தக் கடைக்கு உயிரே அந்த நெத்திலி சம்பல்தான், காரம் நாக்குல நிக்கும், எண்ணெய் மெதக்காது. ஏழு மணிக்கு மேல போனா சம்பல் முடிஞ்சிரும், அப்புறம் சாம்பார்தான். ரொட்டி சானாய் சுமார், அதுக்கு வேற கடை பாத்துக்கலாம். தே (டீ) இனிப்பு ரொம்ப தூக்கல், 'குராங் மானிஸ்' (இனிப்பு கம்மி)னு மொதல்லயே சொல்லிடுங்க. ரெண்டு தோசை, ஒரு தே குடிச்சிட்டு பத்து வெள்ளி (ரிங்கிட்) குடுத்தா பாதிக்கு மேல மிச்சம் வரும்.

இப்ப கோல்ஃப். அமெரிக்காவுல ஞாயித்துக்கெழம சாயங்காலம் கடைசி ரவுண்டு முடியற நேரம் நமக்கு திங்கக்கெழம காலைல அஞ்சு, ஆறு மணி. அதாவது சரியா தோட்டத்துல பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கற) நேரம், டவுன்ல ஃபேக்டரி பஸ் வர்ற நேரம். மத்த ஊர்க்காரங்க இந்த மேட்சுக்காக அலாரம் வச்சு எந்திரிக்கணும், நம்ம ஆளுங்க எப்படியும் அந்நேரம் முழிச்சுதான் இருப்பாங்க. அக்கா இதைக் கவனிச்சிருக்காங்க பாருங்க, அதான் கெட்டிக்காரத்தனம். பஸ்ஸுக்கு நிக்கற பொம்பளைங்க, செம்பனைக்கு போற பங்களாதேஷ் தம்பிங்க, லாரி ஓட்டறவங்க எல்லாரும் தே தண்ணி வாங்கிட்டு கடைசி மூணு ஹோல் (பந்து விழற குழி) பாத்துட்டுதான் கெளம்பறாங்க. மொதல்ல சினிமா பாட்டு போடச் சொல்லி சில பேரு மொணங்கினாங்களாம், இப்ப அவங்களே தாய்லாந்துப் பொண்ணு ஜீனோ தித்திகுன் பத்தி 'ஜீனோ எத்தனையாவதுல இருக்கா'ன்னு கேட்டுக்கிட்டுதான் உள்ள வர்றாங்க.

வெளையாட்டு புரியாதவங்களுக்கு கடையிலயே ஆள் இருக்கு. ஒரு தாத்தா, வெள்ளக்கார தொரைங்க வெளையாடுன கிளப்புல சின்ன வயசுல கேடியா, அதாவது மட்டைப் பை தூக்கறவரா இருந்தவரு. நாலு நாள், 72 ஹோல், ரெண்டு நாள் முடிஞ்சதும் கட்டு, அதுல பாதிப் பேரு வீட்டுக்கு, கம்மியா அடிச்சவங்கதான் மேல, அவ்ளோதான் கணக்குன்னு ரெண்டு நிமிசத்துல சொல்லிடுவாரு. அதோட நிறுத்த மாட்டாரு. பட் (குழி இருக்கற வெட்டுன புல்தரை, அதான் கிரீன், அதுல பந்த உருட்டறது) போடறதுக்கு முன்னாடியே புல்லு எந்தப் பக்கம் படுத்திருக்கு, பந்து எந்தப் பக்கம் சாயும்னு சொல்வாரு, முக்கால்வாசி சரியா இருக்கும். டிவி சவுண்டு எப்பவும் கம்மிதான், இவரு பக்கத்துல உக்காந்தா கமெண்டரியே தேவைப்படாது. மலேசியாவுல எம். ராமையா, பி. குணசேகரன்னு நம்ம ஆளுங்களே புரோவா ஆடியிருக்காங்கன்னு இவரு சொல்லித்தான் அங்க இருந்த பசங்களுக்கு தெரிஞ்சுது.

புதுசா பாக்கறவங்களுக்கு 2025 மாதிரி ஒரு சீசன் அமையறது கஷ்டம். 2024ல அமெரிக்கா நெல்லி கோர்டா ஒருத்தரே ஏழு கப்பு அடிச்சாங்க, அதுல அஞ்சு தொடர்ச்சியா, அதுக்கு முன்னாடி நான்சி லோபஸ், அனிகா சோரன்ஸ்டாம் ரெண்டு பேரு மட்டும் செஞ்ச சாதனை அது. அதே நெல்லிக்கு 2025ல ஒரு கப்பு கூட இல்ல. நல்லாதான் ஆடினாங்க, எரின் ஹில்ஸ் மைதானத்துல நடந்த யூ.எஸ். ஓப்பன்ல சுவீடன்காரி மாயா ஸ்டார்க்குக்கு அடுத்து ரெண்டாவது வந்தாங்க, ஆனா ஜெயிக்கறது வேற. சீசன் ஆரம்பிச்சதுல இருந்து அக்டோபர் வரைக்கும் ஒருத்தர் கூட ரெண்டாவது கப்பு எடுக்கல, ஷாங்ஹாய்ல ஜீனோ தித்திகுன் ஜெயிச்சப்பதான் அந்தக் கதை ஒடஞ்சுது. அதனால கடையில யாருக்கும் 'எல்லாம் தெரிஞ்ச ஆளு'ன்னு மெதப்பு காட்ட வழியில்ல, வாரா வாரம் எல்லாருக்கும் புதுப் பேருதான்.

ஏப்ரல்ல டெக்சஸ்ல நடந்த செவ்ரான் போட்டியோட கடைசி நாள், அந்தக் காலைல கடை எப்படி இருந்துச்சுன்னு வந்தவங்களுக்குத்தான் தெரியும். தாய்லாந்து ஆரியா ஜுதானுகான் கடைசி ஹோல்ல ஒரு ஸ்ட்ரோக் (அடி) முன்னாடி, கிரீன் பக்கத்துல சின்ன சிப்பு (பந்த லேசா தூக்கி அடிக்கறது), மட்டை புல்லுல மாட்டி பந்து நகரவே இல்ல. போகி, அதாவது அந்த ஹோலுக்கு வச்ச கணக்க (பார்) விட ஒரு அடி கூட. அஞ்சு பேரு சமம், பிளேஆஃப் (சமமா முடிச்சவங்க மட்டும் மறுபடி ஆடறது)! ஜப்பான் மாவோ சைகோ மொத ஹோல்லயே பெர்டி (பாரவிட ஒரு அடி கம்மி) போட்டு தூக்கிட்டாங்க. அதுக்குள்ள வெளிய ஃபேக்டரி பஸ் ஹார்ன் அடிக்குது, ரெண்டு அக்காங்க டப்பாவ் பொட்டலத்த கையில வச்சுக்கிட்டு வாசல்லயே நின்னு அந்தக் கடைசி பட் பாத்துட்டு ஓடுனாங்க.

செப்டம்பர்ல சின்சினாட்டி பக்கம் நடந்த குரோகர் குயின் சிட்டி அதவிட வயித்த கலக்குச்சு. ஜீனோ ஒரு ஸ்ட்ரோக் முன்னாடி, கடைசி ஹோல் பார் 5 (அஞ்சு அடி கணக்கு), கிரீனுக்கு வந்தாச்சு, எல்லாரும் முடிஞ்சதுன்னு நெனச்ச நேரம் நாலு பட் போட்டாங்க. நாலு! இங்கிலாந்து சார்லி ஹல்லுக்கு பெர்டி, கப்பு அங்க போயிருச்சு. தோசைக் கல்லுல நின்ன அண்ணே கரண்டிய வச்சுட்டு அப்படியே நிக்கறாரு, அக்கா 'அய்யோ பாவம் புள்ள'ன்னு ரெண்டு மூணு தடவை சொல்லிட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு அப்ப 22 வயசுதான். ஆனா நவம்பர்ல ஃப்ளோரிடால சி.எம்.இ. கடைசிப் போட்டிய முந்தின வருசம் மாதிரியே மறுபடி ஜெயிச்சு 40 லட்சம் டாலர் எடுத்தாங்க, சீசன்ல ஒரு ரவுண்டுக்கு ஆவரேஜ் 68.681 அடி, 2002ல அனிகா வச்சிருந்த 68.697 ரெக்கார்டு போச்சு. அன்னைக்கு கடையில எல்லாருக்கும் அக்கா கணக்குல கேசரி. நாலு பட் போட்ட பொண்ணு அதே சீசன்ல இப்படி முடிச்சதப் பாத்த சந்தோசம் எனக்கு இன்னும் போகல.

மலேசியா மேட்சுக்கு தனியா சொல்லணும். கோலாலம்பூர்ல கே.எல்.ஜி.சி.சி. கோல்ஃப் மைதானம் இருக்கற புக்கிட் கியாரா ஒரு காலத்துல ரப்பர் தோட்டம். 2010ல இருந்து 2017 வரைக்கும் சைம் டார்பி பேர்ல இந்தப் போட்டி இங்க நடந்துச்சு, அப்புறம் சில வருசம் எதுவும் இல்ல, 2023ல மேபேங்க் பேர்ல திரும்பி வந்துச்சு. அந்த 2023ல பிரான்ஸ் செலின் பூட்டியேவும் ஜீனோவும் பிளேஆஃப் மட்டும் ஒம்பது ஹோல் ஆடினாங்க. 2025ல ஞாயித்துக்கெழம, வழக்கமா மதியத்துக்கு முன்னாடியே மூடற கடைய அக்கா மேட்ச் முடியற வரைக்கும் தொறந்து வச்சிருந்தாங்க. ஜப்பான் மியு யாமாஷிதா கடைசி நாள் ஆரம்பிக்கறப்ப எட்டு ஸ்ட்ரோக் பின்னாடி, 65 அடிச்சு பிளேஆஃப்புக்கு வந்து ஹன்னா கிரீன், சோய் ஹே ஜின் ரெண்டு பேரையும் ஜெயிச்சாங்க. ஆகஸ்ட்ல வேல்ஸ்ல விமன்ஸ் ஓப்பன் ஜெயிச்சதும் இதே பொண்ணுதான். ஆளு 150 செண்டிமீட்டர்தான் இருப்பாங்க. பக்கத்து டேபிள்ல அம்மாவோட வந்திருந்த ஒரு பொண்ணு, பள்ளிக்கூடத்துல 'நீ குட்டை, ஸ்போர்ட்ஸ் வேணாம்'னு சொல்லிட்டாங்களாம், அது கடைசி வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. இதுக்காகத்தான் இந்த மேட்ச இந்த மாதிரி டவுன்ல, எல்லாரும் பாக்கற எடத்துல போடணும்னு நான் சொல்றேன்.

கொறைங்க இருக்கு. டிவி கல்லாப்பெட்டிக்கு மேல, வெளிச்சம் வந்ததும் கண்ணாடி மாதிரி மின்னும், வெள்ளப் பந்து சுத்தமா தெரியாது, உள்பக்கம் இருக்கற ரெண்டு டேபிள்தான் லாயக்கு. ஐரோப்பா மேட்ச் எல்லாம் நமக்கு ராத்திரில முடியுது, அந்நேரம் கடை இல்ல. ஜூலைல பிரான்ஸ்ல நடந்த எவியன் போட்டில ஆஸ்திரேலியா கிரேஸ் கிம் பிளேஆஃப்ல தண்ணில போட்டுட்டு, டிராப் எடுத்து (அபராதத்தோட வேற பந்து வச்சு) வெளிய இருந்தே சிப்பு பண்ணி உள்ள போட்டாங்களே, அடுத்த ஹோல்ல ஈகிள் (பாரவிட ரெண்டு அடி கம்மி) வச்சு ஜீனோவ ஜெயிச்சாங்களே, அத நான் வீட்டுல தனியா பாத்தேன், கூட கத்த ஆளில்ல. மறுநாள் காலைல மறுஒளிபரப்பாவது போடுங்கன்னு அக்காகிட்ட கேட்டிருக்கேன், 'பாக்கலாம் தம்பி'ன்னு சொல்லியிருக்காங்க. நீங்க போனா நீங்களும் கேளுங்க, நாலு பேரு கேட்டா போடுவாங்க.

கடை முன்னால காடி நிறுத்தாதீங்க, ஃபேக்டரி பஸ்ஸுக்கு அந்த எடம் வேணும், பின்பக்கம் சந்துல எடம் இருக்கு. கியூஆர் ஸ்கேன் உண்டு. மேட்ச் இருக்கற திங்கக்கெழம அஞ்சரைக்குள்ள வந்தா உள் டேபிளும் கெடைக்கும், சம்பலும் கெடைக்கும்.