கடைசிப் பாட்டு யாருக்கு?

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். இரண்டு பெரிய பாடகர்கள் ஒரே டிக்கெட்டில் ஊர் ஊராகக் கிளம்பும்போது முதல் சிக்கலே அதுதான். முதலில் யார் ஏறுவது, கடைசியில் யார் பாடுவது? முதலில் ஏறுகிறவரைக் கூட்டத்தைச் சூடேற்ற வந்த ஆள் என்று நினைத்துவிடுவார்கள். கடைசிப் பாட்டு யாருடையதோ அவர்தான் பெரியவர். போஸ்டரில் இரண்டு பெயரையும் ஒரே அளவில் அச்சடித்துச் சமாளித்துவிடலாம். மேடையில் அது நடக்காது, இரவு பதினோரு மணிக்கு யாராவது ஒருவர் கையில்தான் மைக் இருக்கும்.

கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிதாகப் பேசப்பட்ட கூட்டுப் பயணங்களை நான் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் தரம் பிரிப்பேன். வசூல் அப்புறம்.

இருப்பதிலேயே எளிய வழி, ஆளுக்குப் பாதி. 2003-ல் பாப் பாடகர்கள் ஜஸ்டின் டிம்பர்லேக்கும் கிறிஸ்டினா அகிலெராவும் அமெரிக்காவைச் சுற்றியது அப்படித்தான். சிறு வயதில் டிஸ்னியின் ஒரே டிவி நிகழ்ச்சியில் ஆடிப் பாடியவர்கள் என்ற பழைய உறவு உண்டு. ஆனால் பயணத்தின் பெயரே இருவரின் ஆல்பம் பெயரையும் பசை போட்டு ஒட்டியதுதான்: 'ஜஸ்டிஃபைட் அண்ட் ஸ்ட்ரிப்ட்'. ஒருவர் முழுசாகப் பாடி இறங்குவார், மேடையை மாற்றுவார்கள், மற்றவர் ஏறுவார். அந்த ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் மேலே தொங்கிய விளக்குச் சட்டம் மேடைமீது விழுந்து சில நிகழ்ச்சிகள் தள்ளிப்போயின. அதை விட்டால், இரண்டு கச்சேரி ஒரே விலைக்கு என்பதுதான் இதன் கவர்ச்சி. தவறில்லை. ஆனால் இரண்டையும் தனித்தனியாகப் போய்ப் பார்த்திருந்தாலும் இதே அனுபவம்தானே கிடைத்திருக்கும்?

இதற்கு நேர் எதிர்முனையில், பியானோ வாசித்துப் பாடும் இரண்டு பேர்: இங்கிலாந்தின் எல்டன் ஜானும் அமெரிக்காவின் பில்லி ஜோயலும். 1994-ல் தொடங்கிய 'ஃபேஸ் டு ஃபேஸ்', விட்டு விட்டு 2010 வரை ஓடியது. இரண்டு கிராண்ட் பியானோவை எதிரெதிரே போட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வார்கள். முதலில் எல்டனின் 'யுவர் சாங்', இருவரும் சேர்ந்து. பிறகு ஆளுக்கொரு பங்கு, அவரவர் இசைக்குழுவோடு. கடைசியில் மறுபடி இருவரும் சேர்ந்து உட்கார்வார்கள். முடிப்பது ஜோயலின் 'பியானோ மேன்'. கவனித்தீர்களா? திறப்பு ஒருவருடைய பாட்டு, முடிப்பு இன்னொருவருடையது, இரண்டையும் பாடுவது இருவரும். சிக்கலை இவ்வளவு கச்சிதமாக யாரும் அவிழ்த்ததில்லை.

அந்தக் கடைசிப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மதுக்கடையில் பியானோ வாசிப்பவன், சனிக்கிழமை இரவு அங்கே வந்து உட்காரும் ஆட்களைப் பற்றிப் பாடுவது அது. ஜோயல் இளம் வயதில் லாஸ் ஏஞ்சல்ஸ் பாரில் வாசித்துப் பிழைத்த காலத்திலிருந்து வந்தது, அவருடைய சொந்தக் கதை. அதன் ஒரு சரணத்தை எதிர் பியானோவிலிருந்து எல்டன் எடுத்துப் பாடும்போது பாட்டுக்கே அர்த்தம் கொஞ்சம் மாறுகிறது. எல்டனும் லண்டன் பக்கத்தில் ஒரு ஓட்டல் பாரில் பதின்வயதில் பியானோ வாசித்து வளர்ந்தவர்தான். அட்லாண்டிக்கின் இரு கரையில் ஒரே வேலை பார்த்த இரண்டு பேர். தனித்தனி டிக்கெட்டில் இது கிடைக்காது.

ஆனால் இதற்கும் விலை உண்டு. இனி எல்டனோடு போவதில் ஆர்வமில்லை, பாட்டுப் பட்டியல் கட்டுப்பட்டுவிடுகிறது என்று 2012-ல் ஜோயலே சொல்லிவிட்டார். புரிகிறது. ஆளுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு, வந்திருப்பவர்களில் பாதிப்பேர் மற்றவருக்காக வந்தவர்கள், அவர்களுக்கும் தெரிந்த பாட்டாகப் பாடியாக வேண்டும். ஆக, ஹிட் பாட்டு தவிர வேறு எதற்கும் இடமில்லை. பதினாறு ஆண்டுகளாக அதே ஹிட். ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும் பாட்டுக்காக உயிரை விடும் ரசிகனுக்கு எந்தக் கூட்டுப் பயணமும் ஏமாற்றம்தான். நட்பிலும் 2011-ல் விரிசல் விழுந்தது, ஜோயலின் குடிப்பழக்கத்தைப் பற்றி எல்டன் பேட்டியில் வெளிப்படையாகவே பேசிவிட்டார்.

சரி, அமெரிக்க ராப் பாடகர் ஜே-ஸீக்கு வருவோம். கூட்டுப் பயணத்தில் அவரளவு அனுபவம் வேறு யாருக்கும் கிடையாது. நல்லது கெட்டது இரண்டையும் பார்த்துவிட்டார். கெட்டது 2004-ல், பாடகர் ஆர். கெல்லியோடு. விளக்கு சரியில்லை, அது சரியில்லை என்று வழியெல்லாம் புகைச்சல். நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கூட்டத்தில் யாரோ துப்பாக்கி காட்டினார்கள் என்று கெல்லி மேடையை விட்டு இறங்கினார். திரும்பி வரும் வழியில் ஜே-ஸீ தரப்பு ஆள் ஒருவர் அவர்மேல் மிளகுப்பொடி ஸ்ப்ரே அடித்தார். மீதி இரவை ஜே-ஸீ மற்ற பாடகர்களைக் கூப்பிட்டு ஒப்பேற்ற, கெல்லி 7.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். உறை கிழிந்தால் இப்படித்தான் கிழியும்.

2011-ல் இன்னொரு ராப் பாடகர் கான்யே வெஸ்டோடு போனபோது பாடம் கற்றிருந்தார். அரங்கின் இரு முனையிலும் ஆளுக்கொரு பெரிய கனசதுரம், நான்கு பக்கமும் திரை. இருவரும் அதன்மேல் நின்றபடி உயரே எழுவார்கள். முன் வரிசை எது, பின் வரிசை எது என்பதே அழிந்துபோனது. யார் முதலில் என்ற கேள்விக்கு உயரத்தில் கண்ட விடை. கடைசிப் பாட்டுக்கும் வழி இருந்தது, இருவரும் சேர்ந்து பதிவு செய்த, பாரிஸைப் பேரில் வைத்த அந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவது. 2012 ஜூனில் பாரிஸிலேயே ஒரே இரவில் பத்து தடவைக்கு மேல் பாடினார்கள். எனக்கு இது கொஞ்சம் அதிகப்படி. நான்காவது தடவைக்கு மேல் அது பாட்டு இல்லை, பந்தயம்.

மனைவியும் பாடகியுமான பியான்சேயோடு 2014-லும் 2018-லும் போன 'ஆன் தி ரன்' வேறு ரகம். அங்கே பாட்டுக்குப் பாட்டு மாறி மாறி வரும், இருவரும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவது பயணத்துக்கு முன்பு ஒரு சங்கதி நடந்திருந்தது. கணவனின் துரோகத்தைப் பற்றி 2016-ல் பியான்சே ஒரு ஆல்பம் போட்டார். 2017-ல் தப்பை ஒப்புக்கொண்டு ஜே-ஸீ ஒன்று போட்டார். வீட்டுச் சண்டை உலகத்துக்கே தெரியும். அதனால் அவர் ஒரு பாட்டு, இவர் ஒரு பாட்டு என்று வரும்போது அது வரிசை முறையாகத் தெரிவதில்லை, சம்பந்தப்பட்ட இருவரும் நம் முன்னால் பேசித் தீர்ப்பதாகத் தெரிகிறது. லண்டன் ஸ்டேடியத்தில் 2018 ஜூன் 16 அன்று நிகழ்ச்சியின் முடிவில், சேர்ந்து செய்த புது ஆல்பத்தையே வெளியிட்டார்கள். அந்த இரண்டாவது பயணத்தின் 48 நிகழ்ச்சிகளின் வசூல் 25 கோடியே 35 லட்சம் டாலர், விற்றது ஏறத்தாழ 21 லட்சத்து 70 ஆயிரம் டிக்கெட். தலைக்குச் சராசரி 117 டாலர். எனக்கு உள்ளூர ஒரு உறுத்தல் உண்டு, குடும்பச் சண்டைக்குக் காசு கொடுத்து உட்காருவதில். ஆனால் வடிவம் என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது.

அந்த வசூலைத் தாண்டியவர்கள் ராப் பாடகர் கெண்ட்ரிக் லமாரும் பாடகி சிஸாவும். 2025 ஏப்ரல் 19 அன்று மினியாபொலிஸில் தொடங்கிய 'கிராண்ட் நேஷனல்', வட அமெரிக்காவின் 23 நிகழ்ச்சிகளிலேயே அதை முந்திவிட்டது. நேரமும் கூடி வந்தது. பிப்ரவரியில், அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலின் இடைவேளையில், கெண்ட்ரிக் பாடிய மேடையில் சிஸாவும் வந்து பாடியிருந்தார். இருவரும் சேர்ந்து பாடிய 'லூதர்' அமெரிக்க ஹிட் பாட்டுப் பட்டியலில் 13 வாரம் முதலிடம். இவர்கள் இரவை ஒன்பது அங்கமாக நறுக்கினார்கள். அவர் கொஞ்சம், இவர் கொஞ்சம், நடுநடுவே சேர்ந்து, முடிப்பதும் சேர்ந்தே. கெண்ட்ரிக் பக்கம் மேடையில் கறுப்பு ப்யூக் கார், பயணத்தின் பெயரே அந்த மாடலுடையது. சிஸா பக்கம் செடி, கொடி, பூச்சி. ராட்சத எறும்பு ஒன்றின்மேல் உட்கார்ந்து பாடுவார். காரிலிருந்து எறும்புக்குத் தாவும் அந்தக் கணம்தான் இந்தப் பயணத்தின் பலமும் பலவீனமும். இருபது நிமிடத்துக்கொரு முறை காற்றே மாறும், யாருக்கும் எழுந்துபோய் பாப்கார்ன் வாங்கத் தோன்றாது. ஆனால் கெண்ட்ரிக்கின் கோபம் கொதிநிலைக்கு வரும் நேரம் பார்த்து அடுப்பை அணைத்துவிடுவார்கள். எல்டனும் ஜோயலும் ஒருவர் பாட்டுக்குள் ஒருவர் நுழைந்தார்கள். இவர்கள் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

இதே பாணியைச் சின்ன அளவில் 2024-ல் பாப் பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸும் பாடகர் ட்ராய் சிவானும் 'ஸ்வெட்' என்ற பெயரில் செய்தார்கள், 22 நிகழ்ச்சி. அறிவிப்பு வந்த ஏப்ரலில் இருவரும் ஏறக்குறைய ஒரே உயரம். ஜூன் 7-ல் சார்லியின் 'பிராட்' ஆல்பம் பச்சை அட்டையோடு வெளிவந்தது, அந்தக் கோடைக்கே அதுதான் பச்சை நிறம் பூசியது. செப்டம்பரில் மேடையேறும்போது தராசு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பாட்டை மாறி மாறி அடுக்கியிருந்ததால்தான் ட்ராய் தப்பித்தார். பாதிப் பாதி முறையில் போயிருந்தால் அவர் பாதியில் அரங்கு என்ன நிலையில் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரே ஒரு டிக்கெட்தான் என்றால் நான் 1994-க்குப் போவேன், இரண்டு பியானோவும் தெரிகிற பக்கவாட்டு இருக்கையாகப் பார்த்து. கண்ணுக்கு விருந்து வேண்டுமென்றால் கெண்ட்ரிக்–சிஸா. இருவரில் ஒருவருக்கு மட்டுமே தீவிர ரசிகர் என்றால் எதையும் வாங்காமல் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். 'ஸ்வெட்' அக்டோபர் 23-ல் சியாட்டிலில் முடிந்தது. நவம்பர் 27-ல் மான்செஸ்டரில் சார்லி தனியாக, முழு இரவும் தன்னுடையதாக, பாட ஆரம்பித்துவிட்டார்.