ஆவுளியாவா, தேவாங்கா, வரையாடா: இரண்டாம் வகுப்புக்கு எந்தக் கதை?

அழிந்துவரும் விலங்குகளின் கதையை வைத்து எழுத்துக்கூட்டப் பழக்கலாம் என்றதும் பலரும் புலி, யானை என்று போய்விடுகிறார்கள். நம் மண்ணிலேயே ஆவுளியா, தேவாங்கு, வரையாடு இருக்கின்றன. மூன்றும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புப் பெறும் விலங்குகளின் பட்டியலில் இருப்பவை. ஆனால் பாடமாக எடுத்தால் மூன்றும் மூன்று விதம்.

வாசிக்கத் தொடங்க ஆவுளியாதான் என் தேர்வு. பாக் நீரிணைக் கரையில் கடற்பசுவை மீனவர்கள் அழைக்கும் பெயர் அது. ஆ, வு, ளி, யா: புள்ளி வைத்த எழுத்து ஒன்றுகூட இல்லை. ‘கடற்பசு’ என்று எழுதினால் குழந்தை ‘ற்’ வந்ததும் நின்றுவிடும். கடல் எப்படி கடற் ஆனது என்று விளக்க இது வயதல்ல. கதையும் மூன்றே வாக்கியம் (கடல்தாழை என்பது கடலடியில் வளரும் புல்): ஆவுளியா கடல்தாழை மேயும். மூச்சுவிட மேலே வரும். வலையில் சிக்கினால் மேலே வர முடியாது. கடைசி வரியில் குழந்தையின் குரல் தாழ்ந்தால், அது பொருளையும் சேர்த்துப் படித்துவிட்டது என்று அர்த்தம். தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 2022இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். அந்தக் கரைப் பள்ளிகளில் மிச்சக் கதையை வீட்டில் தாத்தாவே சொல்லிவிடுவார்.

எழுத வைக்க வேண்டுமா? அப்போது தேவாங்கு. ‘தே’ கொஞ்சம் படுத்தும்: காதில் முதலில் விழுவது த், கை முதலில் போட வேண்டியதோ கொம்பு. ‘ங்’ வேறு இருக்கிறது. ஆனாலும் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் இதைப் பற்றிக் குழந்தைக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. “தேவாங்கு மாதிரி முழிக்காதே” என்று திட்டு வாங்காத பிள்ளை குறைவு. அந்தப் பெரிய கண் இருட்டில் பூச்சி பிடிக்க என்று தெரிந்ததும், தேவாங்குக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். எழுத விஷயம் இருந்தால் பென்சில் தானாக நகரும். கரூர், திண்டுக்கல் பிள்ளைகளுக்குக் கூடுதல் பெருமை: 2022இல் கடவூரில் அமைந்ததுதான் இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயம்.

வரையாடு நம் மாநில விலங்கு, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் இரண்டாம் வகுப்புக்கு வேண்டாம். ‘வரை’ என்றால் அவர்களுக்குப் படம் வரைவதுதான்; மலை என்ற பொருள் எட்டாது. மூன்றாம் வகுப்பில் எடுத்தால், வரை, ஆடு இரண்டுக்கும் நடுவில் ‘ய்’ எங்கிருந்து வந்தது என்பதே ஒரு விளையாட்டு. கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 2024இல் 1,031, 2025இல் 1,303. பூஜ்ஜியம் இடம் மாறும் இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதி, எது பெரியது என்று கேட்டுவிட்டுக் கதையைத் தொடங்கலாம்.