இலவசப் பல் முகாமில் தொடங்கி 38,500 ரூபாயில் முடிந்த கதை: தயவுசெய்து ஏமாறாதீர்கள்

உங்கள் தெருவிலோ குடியிருப்பிலோ இலவசப் பல் பரிசோதனை முகாம் என்று பேனர் கட்டியிருந்தால், உள்ளே போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் அம்மாவின் பல் வலிக்கு வழி தேடிய எங்களிடம் 38,500 ரூபாயை வாங்கிக்கொண்டு, பாதி வேலையோடு வெளியே அனுப்பியிருக்கிறார்கள். நகரெங்கும் கிளை வைத்து, கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமுமாக நடத்தும் தனியார் பல் மருத்துவமனை அது. பெயரைப் புகார் மனுவில் எழுதுகிறேன், இங்கே வேண்டாம். கையில் காசு இல்லாதவர்கள் குறைந்த செலவில் பல் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் வழிகளையும் கடைசியில் சொல்கிறேன்.

அம்மாவுக்குக் கீழ்வரிசையில் கடைவாய்ப் பல் ஒன்றைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்தாகிவிட்டது. அதற்குப் பின்னால் இருக்கும் பல்லில் சொத்தை விழுந்து, இரவெல்லாம் கிராம்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிலை வந்தது. வீட்டில் வருமானம் என் சம்பளம் ஒன்றுதான் என்பதால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அம்மாவே தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான், வடசென்னையில் உள்ள எங்கள் குடியிருப்பின் சங்க அறையில் முகாம் போட்டார்கள். டார்ச் அடித்து வாயைப் பார்த்த இளம் மருத்துவர், பின்பல்லுக்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி, முகாமில் பார்த்தவர்களுக்குக் கிளையில் பாதிக் கட்டணம்தான், ஆனால் இந்த வார இறுதிவரைதான் என்றார். அந்த வார இறுதிக் கெடுதான் எங்களை ஓட வைத்தது.

கிளையில் எங்களை உட்கார வைத்துப் பேசியவர் மருத்துவர்கூட அல்லர், ஒருங்கிணைப்பாளர் என்று சட்டையில் அட்டை குத்தியிருந்த ஒரு பெண். சிறு கேமராவை அம்மாவின் வாய்க்குள் விட்டு, எதிரே இருந்த திரையில் அந்தப் பல்லை உள்ளங்கை அகலத்துக்குக் காட்டினார்கள். நடுவில் கறுத்த குழியையும் அதன் விளிம்பில் ஒட்டியிருந்த வெற்றிலைக் கறையையும் பார்த்து அம்மா கூசிப்போனார். "எங்க அம்மாவா இருந்தா இந்தப் பல்லைப் பிடுங்க விடமாட்டேன்மா" என்று அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வேர் சிகிச்சை மட்டும் போதாது, பல் இல்லாத இடத்தை நிரப்பப் பாலம் (இருபக்கப் பற்களும் தாங்கி நிற்கும் செயற்கைப் பல்) போட வேண்டும், அந்த இடைவெளிக்கு முன்னால் உள்ள பல்லையும் ராவி, அதற்கும் வேர் சிகிச்சை செய்து கேப் மாட்ட வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போய், மொத்தம் 77,000 ரூபாய், முகாம் சலுகையில் 38,500 என்று ஒரு தாளில் வட்டமிட்டுக் காட்டினார். அவ்வளவு பணம் இல்லை என்றதும், 11,500 மட்டும் இன்று கட்டுங்கள், மீதியை வட்டியில்லாத் தவணையில் மாதம் 3,000 ரூபாயாகக் கட்டலாம் என்றார். பான் எண்ணையும் ஆதாரையும் வாங்கி என் கைப்பேசியிலேயே எதையோ நிரப்பினார். ஓடிபி வந்தபோது, "இது பதிவுக்குத்தான் சார்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அது என் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுத்த கடன் என்பதும், 27,000 ரூபாய் முழுவதும் அன்றைக்கே மருத்துவமனையின் கணக்குக்குப் போய்விட்டது என்பதும் மாலையில் வந்த குறுஞ்செய்தியில்தான் தெரிந்தது.

பணம் முழுவதும் கைக்கு வந்துவிட்ட பிறகு அவர்களுக்கு வேலையை முடிக்க என்ன அவசரம்? இரண்டு பல்லுக்கும் வேர் சிகிச்சை செய்தார்கள், இரண்டையும் ராவினார்கள், அளவு எடுத்தார்கள், தற்காலிகமாகப் பிளாஸ்டிக் கேப் ஒன்றை ஒட்டி, அடுத்த வாரம் நிரந்தரப் பாலம் வந்துவிடும் என்று அனுப்பினார்கள். அடுத்த வாரம் கேட்டால் லேபிலிருந்து வரவில்லை. அதற்கடுத்த வாரம் அளவு சரியில்லை, மறுபடி எடுக்க வேண்டும், ஆனால் மருத்துவர் விடுப்பு. பிறகு அந்த மருத்துவர் வேலையை விட்டே போய்விட்டார். புதிதாக வந்தவரோ, இன்னொருவர் தொட்ட கேஸை நான் தொடுவதில்லை என்றார். இதற்கிடையில் கஞ்சி குடிக்கும்போது தற்காலிகக் கேப் கழன்று விழுந்தது. பின்பல்லில் பழைய வலியும் திரும்பியது. அம்மாவின் கையைப் பிடித்துப் பேசிய ஒருங்கிணைப்பாளர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "மேனேஜர் வந்தா சொல்றோம்" என்று தலை நிமிராமல் சொன்னார். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பாட்டுதான் கேட்கிறது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. தவணையை நிறுத்தச் சொல்லி நிதி நிறுவனத்தைக் கேட்டால், பணம் மருத்துவமனைக்குப் போய்விட்டது, அவர்களிடம் பேசுங்கள் என்கிறார்கள். மருத்துவமனையோ, கடன் உங்களுக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடையிலானது என்கிறது. 38,500 ரூபாய்க்கு எங்களிடம் இருப்பது அந்த வட்டமிட்ட தாளும் முன்பணம் கட்டிய சின்னச் சீட்டும்தான். முறையான பில்லைக் கேட்டதற்கு, சிகிச்சை முடிந்தால்தான் பில் என்றார்கள்!

வலி தாங்காமல் அம்மாவைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். காலையில் சீக்கிரம் போய் ஓபி சீட்டு வாங்க வேண்டும், கூட்டம் உண்டு, காத்திருக்க வேண்டும். ஆனால் எங்களை யாரும் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை, கைப்பேசியைக் கேட்கவில்லை. அங்கே எடுத்த எக்ஸ்ரேயைப் பயிற்சி மருத்துவர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வேர் சிகிச்சை செய்த பல்லில் மருந்து வெள்ளைக் கோடாக வேரின் நுனிவரை இறங்கியிருக்க வேண்டுமாம். பின்பல்லின் பின்வேரில் இறங்கியிருந்தது, முன்வேரில் பாதியிலேயே நின்றுபோய், நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. முன்னால் உள்ள பல்லுக்கு வேர் சிகிச்சை தேவைப்பட்டதா என்று கேட்டேன். ராவுவதற்கு முன் எடுத்த எக்ஸ்ரே இருந்தால்தான் சொல்ல முடியும் என்றார். அந்த எக்ஸ்ரேயைத்தான் அவர்கள் தர மறுக்கிறார்கள்.

வழிகளைச் சொல்வதாக எழுதினேன். நிதானமாக எழுதும் மனநிலையில் இல்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் இருப்பவர்கள் முதலில் நான் மேலே சொன்ன மருத்துவமனைக்குப் போங்கள். சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள், பேராசிரியர் மேற்பார்வையில், வெளியே ஆவதைவிடக் குறைந்த கட்டணத்தில் செய்கிறார்கள்; நேரம் அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான். எங்கே போனாலும் ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், தவணை என்றால் அது கடன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பல்லை ராவச் சொன்னால் வேறொரு மருத்துவரிடம் காட்டாமல் சம்மதிக்காதீர்கள், ராவிய பல் மறுபடி வளராது. எக்ஸ்ரேயை அன்றே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் திரையில் இருப்பதையாவது படம் எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய்வரை கொடுத்த சேவைக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்த 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. மருத்துவர்மேல் புகார் என்றால் மாநிலப் பல் மருத்துவ மன்றத்துக்கு எழுத வேண்டும்.

நான் மன்றத்துக்கும் ஆணையத்துக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த முகாமில் எங்கள் குடியிருப்பிலிருந்து சீட்டு வாங்கிய மற்றவர்களும் கிளைக்குப் போனது எனக்குத் தெரியும். உங்கள் பெயரிலும் அப்படி ஒரு கடன் ஓடுகிறதா என்று இன்றே குறுஞ்செய்திகளைத் தேடிப் பாருங்கள். இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.