பழைய நம்பருக்குப் போன ஓ.டி.பி.

தசராவுக்கு உடன்குடி போய்விட்டு டல்லாஸ் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. விமானம், தூத்துக்குடியிலிருந்து கார், பேங்க் வேலை எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அதில் எழுத ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தது வீட்டு டிவியைப் பற்றி. இரண்டு நாள் நடந்த கூத்து இன்னும் மனசுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் போய் இறங்கிய மறுநாள் ராத்திரி. அம்மா முறத்தில் சின்ன வெங்காயத்தைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு தொடரில் எல்லாம் பார்த்து முடித்து, கடைசி எபிசோட் ஒன்றுதான் பாக்கி. கரண்ட் போய் வந்தது. டிவியை மறுபடி போட்டால், இணையம் வழியாகத் தொடர் காட்டும் ஓ.டி.டி. ஆப் எங்களை வெளியே தள்ளியிருந்தது. மொபைல் எண்ணைப் போடுங்கள், ஓ.டி.பி. வரும் என்கிறது. எந்தச் சேவை என்று சொல்லப்போவதில்லை, தொடரின் பெயரைச் சொன்னால் அதுவும் தெரிந்துவிடும், அதனால் அதையும் விட்டுவிடுகிறேன்.

விஷயம் என்னவென்றால் அது நான் சென்னையில் வேலை பார்த்தபோது தொடங்கிய கணக்கு. அப்போது வைத்திருந்த நம்பர்தான் அதில் இருக்கிறது. அமெரிக்கா வந்தபிறகு கொஞ்ச நாள் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்தேன், அப்புறம் விட்டுப்போய்விட்டது. 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம், அதற்குப் பிறகு இன்னொரு 90 நாளாவது சும்மா வைத்திருந்துவிட்டு வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம், இதுதான் இந்தியாவில் விதி. நம்பர் போனது எனக்குத் தெரியும். சந்தா மட்டும் வருடா வருடம் தவறாமல் கட்டிக்கொண்டிருந்தேன், டிவியும் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் இது எனக்கு உறைக்கவே இல்லை.

உதவி மையம் என்று ஒரு சாட் இருந்தது. "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்று ஒரே வரி மூன்று முறை வந்தது. நம்பரை மாற்ற வேண்டுமா, செட்டிங்ஸில் போய் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். என் போனில் அந்தக் கணக்கு இன்னும் திறந்துதான் இருந்தது, போய்ப் பார்த்தேன். பழைய நம்பரை மாற்ற, பழைய நம்பருக்கே ஓ.டி.பி. போகிறது! கட்டிய பணத்துக்கு ரசீது காட்டுகிறேன், கார்டின் கடைசி நாலு எண் சொல்கிறேன், மின்னஞ்சல் இருக்கிறது என்று எவ்வளவோ எழுதிப் பார்த்தேன். மறுபடியும் "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது". நம்பர்தான் ஆள், நம்பர் இல்லாவிட்டால் நாம் ஆளே இல்லை என்கிற மாதிரி ஆகிவிட்டது. அமெரிக்காவில் நான் வைத்திருக்கும் எல்லா ஓ.டி.டி.க்கும் மின்னஞ்சல், பாஸ்வேர்டு, முடிந்தது. போனைத் தொலைத்தாலும் சிம்மைத் தொலைத்தாலும் டிவி பாட்டுக்கு ஓடும்.

ஒரு மணி நேரம் இப்படிப் போனது. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எலே, அந்த நம்பருக்கே போனப் போட்டுப் பாரேன்" என்றார். எனக்குத் தோன்றவே இல்லை.

போட்டேன். எடுத்ததும் முதலில் கேட்டது மனுசக் குரல் இல்லை, டக்கு டக்கு என்று தறிச் சத்தம். கொஞ்சம் தள்ளி வந்து பேசினார். குமாரபாளையம், தறிப்பட்டறையில் வேலை. விஷயத்தைச் சொன்னதும், "ஓ.டி.பி.யெல்லாம் யாருக்கும் சொல்லக்கூடாதுங்கண்ணா, எங்க மாமனுக்கு இப்பிடித்தான் போன வருசம் நாப்பதாயிரம் போச்சுங்க" என்று வைத்துவிட்டார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எனக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அம்மா விடவில்லை. போனை வாங்கி அவளே திரும்பக் கூப்பிட்டாள். "அய்யா, நான் உடன்குடியில இருந்து பேசுதேன், ஒரு படத்துக்குக் கடைசி பாக்கி இருக்கு, வேற ஒண்ணும் இல்லய்யா, வேணும்னா நீங்களே எங்க டிவியப் பாத்துக்கிடுங்க." சரி, வீடியோ கால் போட்டோம். வெங்காய முறத்தோடு அம்மா, பின்னால் டிவி, அதில் அந்த நம்பர். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என் பெயரைச் சொல்லி, "நீங்கதானுங்களா அது?" என்றார். இரண்டு வருடமாக என் பெயருக்கு வரும் மெசேஜ் எல்லாம் அவருக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. இன்சூரன்ஸ் பிரீமியம், பழைய ஆபீஸ் நண்பர்களின் பிறந்தநாள் வாழ்த்து, ஒரு கல்யாணப் பத்திரிகைகூட. ஆளைக் கண்டுபிடித்துச் சொல்லலாம் என்று பார்த்தாராம், வழி தெரியவில்லையாம்.

முதல் ஓ.டி.பி. சொன்னார். டிவி ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு எண்ணாக அழுத்த வேண்டும், முப்பது செகண்ட் எண்ணிக்கொண்டே வருகிறது. நாலு எண் போடுவதற்குள் நேரம் முடிந்தது. இரண்டாவது தடவை தறிச் சத்தத்தில் ஆறு எனக்கு ஏழு என்று விழுந்தது. மூன்றாவது தடவை சரியாகப் போட்டேன், அதற்குள் "அதிக முயற்சிகள், 24 மணி நேரம் கழித்து வாருங்கள்" என்று வந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லாமல் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுபது வயதுக்காரர்கள் வீட்டில் இருக்கும் டிவிக்கு முப்பது செகண்ட் வைக்கிறவர்கள் தங்கள் வீட்டு அம்மாவிடம் ஒருநாள் அந்த ரிமோட்டைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

மறுநாள் நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அதே நேரத்துக்கு அவரே கூப்பிட்டார். டீ குடிக்க வெளியே வந்து, சத்தம் இல்லாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை சொன்னார். திறந்துவிட்டது. கையோடு நம்பரையும் அப்பாவின் நம்பருக்கு மாற்றினேன், அதற்கு அவரிடமிருந்து இன்னொரு ஓ.டி.பி., அப்பாவிடமிருந்து ஒன்று. அம்மா கடைசி எபிசோடைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள்.

முன்பு கேபிள்காரர் அஞ்சாம் தேதி வாக்கில் சைக்கிளில் நோட்டோடு வருவார். படம் தெரியவில்லை என்றால் வீட்டுக்குப் போய்ச் சொன்னால் போதும், சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்து மாடியில் ஒயரை ஆட்டிவிட்டுப் போவார். அதற்கும் முன்னால் கோயில் கொடைக்கு வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, தெருவே பாய் விரித்து விடிய விடிய மூன்று படம். எதற்கும் நம்பர் கேட்டதில்லை.

சரி, பணக் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் அப்பா அந்த ராத்திரியே கேட்டுவிட்டார், இதுக்கெல்லாம் எவ்வளவு கட்டுதே என்று. அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸ் பிரீமியம் 2025 ஜனவரியில் ஏற்றியபோது மாதம் 24.99 டாலர், அந்தக் கணக்கில் வருடத்துக்கு ஏறக்குறைய 300. இந்தியாவில் அதே பிரீமியம் மாதம் 649 ரூபாய், 2021 டிசம்பரில் குறைத்த விலை. அமேசான் பிரைம் அமெரிக்காவில் வருடத்துக்கு 139 டாலர், இந்தியாவில் 1,499 ரூபாய். ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகச் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டாராக 2025 பிப்ரவரியில் வந்தபோது பிரீமியம் வருடத்துக்கு 1,499. பிரைமில் 2025 ஜூன் 17 முதல் விளம்பரம் போடுகிறார்கள், அது வேண்டாம் என்றால் வருடத்துக்கு இன்னொரு 699. இந்திய விலை எல்லாம் வருடத்துக்குச் சேர்த்தால் 2025 கணக்கில் 11,485 ரூபாய், டாலரில் 130 பக்கம். அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸ் ஒன்றுக்குக் கட்டும் பணத்தில் பாதிகூட இல்லை. எனக்கு அது கொள்ளை மலிவு. அப்பாவுக்கு? "மாசம் ஆயிரம் ரூவாயா? அரசு கேபிள் எழுவது ரூவாதானல இருந்துச்சு" என்றார். 2011இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்ததை அவர் மறக்கவே இல்லை. டாலரில் சம்பாதிக்கிறவன் மலிவு என்று சொல்வதும் பென்ஷன்காரர் விலை என்று சொல்வதும் இரண்டும் உண்மைதான், ஆனால் உட்கார்ந்து பார்க்கிறவர் அவர், அவர் கணக்குத்தான் கணக்கு.

149 ரூபாய் என்று விளம்பரத்தில் பார்த்துவிட்டு மலிவு என்று விழுந்துவிடாதீர்கள். நெட்ஃபிளிக்ஸில் அது மாதத்துக்கு, ஜியோஹாட்ஸ்டார் வந்தபோது அது மூன்று மாதத்துக்கு, இரண்டுமே மொபைல் திட்டம், டிவியில் ஓடாது. பெற்றோருக்கு எடுத்துக் கொடுக்கிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பார்க்க என்ன இருக்கிறது என்றால், தமிழில் சொந்தமாக எடுத்த தொடர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அதிகம் கட்டும் நெட்ஃபிளிக்ஸில்தான் குறைவு. முதலில் வந்தவை 2020இல் பாவக் கதைகள், 2021இல் நவரசா, இரண்டுமே குறும்படத் தொகுப்பு. பெரும்பாலும் தியேட்டரில் ஓடிய படம் நாலைந்து வாரத்தில் வரும், அதற்காகத்தான் வைத்திருக்கிறோம். பிரைமில் சரக்கு இருக்கிறது. ஆனால் எந்த ஆப்பைத் திறந்தாலும் ஒரே மாதிரி: சுழல், வதந்தி, விலங்கு, நவம்பர் ஸ்டோரி எல்லாமே ஒரு பிணத்தையோ காணாமல் போன பெண்ணையோ சுற்றித்தான் போகின்றன. நன்றாக எடுத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. எத்தனை பிணத்தைத்தான் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்வது?

சுழல் இரண்டாம் பாகம் மட்டும் அப்பாவுக்காகப் போட்டேன். காளிப்பட்டணம், அஷ்டகாளித் திருவிழா என்று வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "இது நம்ம குலசைல்லா!" என்றார். எங்களுக்குக் குலசேகரன்பட்டினம் பக்கத்து ஊர். நாங்கள் டிவியில் பார்த்த அதே வாரம் வாசலில் தசராவுக்கு வேஷம் கட்டிய நிஜக் காளி வந்து நின்றது, நாக்கும் கிரீடமும் கட்டி, முகத்தில் சிவப்புப் பூசி, பின்னால் தாரை தப்பட்டை. அம்மா தட்டில் காணிக்கை போட்டாள். காளி சொம்பில் தண்ணீர் வாங்கி, பூச்சு கலையாமல் தலையைத் தூக்கி அண்ணாந்து குடித்தது. அதை எந்தத் தொடரிலும் நான் பார்க்கவில்லை. தொடரில் பேச்சு எங்கள் பேச்சு மாதிரி ஒட்டவில்லை என்று அப்பாவுக்குக் குறை, எனக்கும்தான்.

தலைவெட்டியான் பாளையம் இருவருக்கும் பிடித்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம், பஞ்சாயத்து ஆபீஸ், கொலை கிடையாது. பழைய மர்மதேசம் தொடர் எடுத்த நாகாதான் இயக்கியது என்று சொன்னதும் அம்மாவுக்குக் கூடுதல் சந்தோஷம். மர்மதேசத்தில் விடாது கருப்பு ஓடிய நாளில் என்னைக் கொல்லைப்பக்கம் தனியாக அனுப்பமாட்டாள்.

ஆனால் என்னை உலுக்கியது அயலி. ஜீ5இல் 2023 ஜனவரியில் வந்தது, எட்டே எபிசோட். வயதுக்கு வந்தால் பள்ளிக்கூடத்தை நிறுத்திக் கல்யாணம் கட்டிவைக்கும் ஊரில், டாக்டராக வேண்டும் என்று ஒரு பெண் வயதுக்கு வந்ததையே மறைக்கிறாள். டல்லாஸில் நான் தனியாக லேப்டாப்பில் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று கடந்துபோன தொடர். உடன்குடியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது அது வேறு தொடராக இருந்தது. அம்மாவை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். மடியில் வெங்காயம் அப்படியே இருந்தது, உரிக்கவே இல்லை. மூன்றாவது எபிசோடில் என் பக்கம் திரும்பி, "கடைசில அந்தப் புள்ள படிச்சிருவாளா, அத மட்டும் சொல்லு, மீதிய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். நான் சொன்னேன். வருடத்துக்கு எத்தனை ஆயிரம் கட்டினாலும் இந்த மாதிரி ஒன்று கிடைத்தால் எனக்குப் போதும், அதை இன்னும் நாலு எடுக்க மாட்டேன் என்கிறார்களே என்பதுதான் ஆற்றாமை.

கிளம்புவதற்கு முன்னால் வீட்டு நெட்ஃபிளிக்ஸைப் பிரீமியத்திலிருந்து 199 ரூபாய் திட்டத்துக்கு இறக்கினேன், இருப்பது ஒரே டிவி. அயலிக்காக ஜீ5 ஏற்கெனவே புதிதாகப் போட்டிருந்தேன். எல்லாக் கணக்கிலும் அப்பாவின் நம்பர்தான் இப்போது. நீங்களும் ஊர் போனால் அம்மா அப்பா டிவியில் எந்த நம்பர் இருக்கிறது என்று முதல் நாளே பாருங்கள், டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே.

அப்பா குமாரபாளையத்துக்கு இரண்டு கிலோ கருப்பட்டி பார்சல் போட்டார். போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தறிக்காரர் அம்மாவைக் கூப்பிட்டு, காப்பிக்கு ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாராம். என் பெயருக்கு இரண்டு மெசேஜ் வந்திருப்பதையும் படித்துச் சொல்லியிருக்கிறார். அம்மா அதைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.