ரெசிடென்ஸ் கார்டு இருந்தும் இ.இ.எஸ்.ஸில் (ஐரோப்பிய எல்லைகளின் வருகை, புறப்பாட்டுப் பதிவு முறை) பதிவாகிவிட்டதா? திருத்தக் கேட்பதா, அழிக்கக் கேட்பதா

ஜெர்மனிக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது. இந்திய பாஸ்போர்ட், கூடவே ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டு, அதாவது அங்கே வசிப்பதற்கான அனுமதி அட்டை. போன குளிர்காலத்தில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது விமானம் மாற இறங்கியது வேறொரு ஷெங்கன் நாட்டில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளில் ஒன்று). விடிகாலை, தூக்கம் கலையாத இரண்டு பிள்ளைகள். ஐரோப்பிய பாஸ்போர்ட் இல்லாத எல்லோரையும் ஊழியர் ஒருவர் வரிசையாக இயந்திரங்கள் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார். கார்டை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை, கையைக் காட்டி அந்தப் பக்கம் போகச் சொன்னார். இயந்திரம் பாஸ்போர்ட்டைப் படித்தது, முகத்தைப் படமெடுத்தது, நான்கு விரல்களைக் கண்ணாடியில் அழுத்தச் சொன்னது. பிறகு திரையில் ஒரு கேள்வி: திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறதா? நான் போய்க்கொண்டிருந்ததே என் வீட்டுக்கு. அந்த இடத்திலேயே நிறுத்தி அதிகாரியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். பின்னால் நீண்ட வரிசை, பிள்ளைகளின் சிணுங்கல். அழுத்திவிட்டு நகர்ந்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து மறுபடி வெளியே கிளம்பியபோதுதான் அதன் விளைவு தெரிந்தது. அதிகாரி திரையைப் பார்த்துவிட்டு, “90 நாள் தாண்டிவிட்டதே” என்றார். கார்டைக் காட்டியதும் பத்து நிமிஷத்தில் விட்டுவிட்டார். ஆனால் பதிவு அப்படியே இருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. இ.இ.எஸ். என்பது பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரைக்குப் பதிலாக ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த வருகை, புறப்பாட்டுப் பதிவு முறை. 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கி, 2026 ஏப்ரல் 10-க்குள் 29 நாடுகளின் எல்லைகளிலும் முழுமையாக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். 180 நாளில் 90 நாள் கணக்கில் குறுகிய காலத்துக்கு வருபவர்களுக்கான ஏற்பாடு இது. ரெசிடென்ஸ் கார்டு வைத்திருப்பவரும் நீண்டகால டி விசா வைத்திருப்பவரும் இதில் சேரவே கூடாது. 2017/2226 எண் கொண்ட சட்டத்தின் 2-வது பிரிவே இதைச் சொல்லிவிடுகிறது.

என் முன் இருந்த வழிகள் நான்கு. முதல் வழி, ஒன்றும் செய்யாமல் ஒவ்வொரு முறையும் கார்டைக் காட்டிச் சமாளிப்பது. என் நண்பர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். கார்டு செல்லுபடியாகும்வரை இது ஓடும். ஆனால் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு, ‘ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங்’ என்கிற தற்காலிகச் சான்றுக் காகிதத்தோடு பயணம் செய்யும் மாதங்களை நினைத்துப் பாருங்கள். வேறு நாட்டு அதிகாரி அந்தக் காகிதத்தைப் பார்த்தே இருக்க மாட்டார். அவர் திரையிலோ ‘ஓவர்ஸ்டே’, அதாவது அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கியவர், என்று நிற்கும். நாளைக்கு வேலையை விட்டு ஊரோடு போய்விட்டு, பிறகு சாதாரண விசாவில் வர நினைத்தால் இன்னும் சிக்கல். விசா கொடுக்கும் தூதரகமும் இ.இ.எஸ்.ஸைப் பார்க்கும்.

இரண்டாவது, கவுன்டரிலேயே சரிசெய்யச் சொல்வது. நான் கேட்டுப் பார்த்தேன், பதிவு செய்த நாட்டிடம் எழுதிக் கேளுங்கள் என்றார்கள். பதிவு செய்த அதே விமான நிலையத்தில், அன்றைக்கே கேட்டால் ஒருவேளை நடக்கலாம்.

மீதி இரண்டு, திருத்தக் கேட்பதும் அழிக்கக் கேட்பதும். இரண்டுமே சட்டத்தின் 52-வது பிரிவில் வருகின்றன, இரண்டுக்கும் கட்டணமில்லை, கெடுவும் ஒன்றுதான். அதனால் எதைக் கேட்டால் என்ன என்று தோன்றும். நானும் முதலில் திருத்தக் கேட்டுத்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதத்தான் புரிந்தது. திருத்தம் கேட்டால் எந்த விவரம் தவறு, சரியானது எது என்று காட்ட வேண்டும். என் பெயர் சரி, பாஸ்போர்ட் எண் சரி, வந்த தேதி சரி, விமான நிலையமும் சரி. ஒரு விவரத்தில்கூடத் தவறில்லை. தவறு, அந்தப் பதிவு இருப்பதுதான்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த ஒரு விஷயத்தைத்தான். வருகைப் பதிவுக்கு ஜோடியாகப் புறப்பாட்டுப் பதிவு இல்லையென்றால், 34-வது பிரிவின்படி தங்க அனுமதித்த நாள் முடிந்ததிலிருந்து ஐந்து வருஷம் அது கணினியில் கிடக்கும். சரி, போன தேதியைச் சேர்த்துவிடுங்கள் என்று திருத்தம் கேட்டால்? ஐந்து வருஷம் மூன்றாகக் குறையும், அவ்வளவுதான். வந்த தேதிக்கும் போன தேதிக்கும் நடுவே நான்கு மாதம் இருக்கிறது. 90 நாள்தான் அனுமதி என்று கணக்கிடும் இயந்திரத்திடம் அந்த இரண்டு தேதிகளையும் சரியாகக் கொடுத்தால், ஓவர்ஸ்டே என்பதை நாமே உறுதிப்படுத்திக் கொடுத்தது போல ஆகிவிடும். அதோடு, இ.இ.எஸ்.ஸில் என் பேரில் உள்ள கோப்பு உயிரோடு இருக்கும்வரை அடுத்த முறை பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்யும் அதிகாரி அதிலேயே இன்னொரு வருகையைச் சேர்த்துவிடும் வாய்ப்பும் இருக்கிறது. என் மாதிரி ஆட்களுக்குத் திருத்தம் மருந்தே இல்லை. கோப்பு மொத்தமாகப் போக வேண்டும்.

35-வது பிரிவும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. முதலில் விசிட்டராக வந்து முறையாகப் பதிவான ஒருவர் பிறகு ரெசிடென்ஸ் கார்டு பெற்றால், அவருடைய கோப்பை ஐந்து வேலை நாட்களுக்குள் நீக்க வேண்டும் என்கிறது அது. சரியாகப் பதிவானவருக்கே அப்படியென்றால், பதிவாகவே கூடாதவருக்குச் சொல்லவே வேண்டாம். இந்த வாதத்தைக் கடிதத்தில் ஒரு பத்தியாகவே எழுதினேன்.

எங்கே அனுப்புவது என்பதிலும் யோசித்தேன். எந்த உறுப்பு நாட்டுக்கும் அனுப்பலாம், 45 நாளுக்குள் பதில் தர வேண்டும். வசிக்கும் நாட்டுக்கு அனுப்பினால், பதிவு செய்த நாட்டைக் கேட்க வேண்டியிருக்கும் பட்சத்தில் ஏழு நாளுக்குள் அவர்களைத் தொடர்புகொள்வார்கள், அவர்கள் 30 நாளில் சரிபார்ப்பார்கள். நடுவில் ஒரு கை கூடுதல். மொழி பிரச்சினை இல்லையென்றால் பதிவு செய்த நாட்டுக்கே நேராக அனுப்புவது மேல். நான் ஆங்கிலத்தில் எழுதினேன், ஆங்கிலத்திலேயே பதில் வந்தது. எல்லா நாடும் அப்படிச் செய்யுமா என்பதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது.

கடிதத்தில் மூன்று கேட்டேன்: என் பேரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று காட்டுங்கள், கோப்பை முழுதும் அழியுங்கள், முடிவெடுக்கும்வரை அதைப் பயன்படுத்தாமல் நிறுத்தி வையுங்கள். கூட வைத்தது கார்டின் இரண்டு பக்க நகல், பாஸ்போர்ட் முதல் பக்கம், போர்டிங் பாஸ், வீட்டு முகவரிப் பதிவுச் சான்று. கார்டு நகலில் முக்கியம், பதிவான அந்தத் தேதியில் அது செல்லுபடியாகியிருந்தது என்று தெரிவது. நடுவில் புதுப்பித்திருந்தால் பழைய கார்டின் நகல் வேண்டும். பழைய கார்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

38-வது நாள் பதில் வந்தது. என் கோப்பும் விரல் ரேகையும் படமும் நீக்கப்பட்டதாக எழுதியிருந்தார்கள்.

மறுத்தால் என்ன? காரணத்தை எழுத்தில் தர வேண்டும், எங்கே முறையிடலாம் என்பதையும் சொல்ல வேண்டும். தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகலாம். நான் அங்கே போக நேரவில்லை, அதனால் எவ்வளவு நாள் இழுக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. முதலிலேயே வக்கீலிடம் ஓட வேண்டாம் என்பது மட்டும் என் எண்ணம்.

விசாவில் வந்து போகும் அப்பா அம்மா விஷயத்தில், இதுவரை நான் சொன்னதற்கெல்லாம் நேர் எதிர். வீல்சேரில் தனி வழியாக அழைத்துப் போகும்போது புறப்பாடு பதிவாகாமல் விட்டுப்போனால், அங்கே அழிக்கக் கேட்கக் கூடாது. அவர்கள் முறையாகப் பதிவானவர்கள், அழிக்கச் சட்டத்தில் காரணமில்லை. தவிர, ஒழுங்காக வந்து ஒழுங்காகத் திரும்பினார்கள் என்ற பதிவு அடுத்த விசாவுக்கு நல்லது. விடுபட்ட தேதியைச் சேர்க்கச் சொல்லித்தான் கேட்க வேண்டும். போர்டிங் பாஸ், சென்னையில் இறங்கியபோது குத்திய வருகை முத்திரை இரண்டும் போதிய சான்று என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் இப்படி ஆகவில்லை, சட்டத்தைப் படித்த அளவில் சொல்கிறேன்.

ஒன்றை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். அன்றைக்கு பிள்ளைகளையும் அதே இயந்திரத்தின் முன் நிறுத்தினார்கள். 12 வயதுக்குக் கீழே விரல் ரேகை எடுப்பதில்லை, ஆனால் முகப்படம் உண்டு, கோப்பும் உண்டு. என் கடிதத்தில் அவர்கள் வரவில்லை. ஆளுக்கொரு விண்ணப்பம், பிறப்புச் சான்று நகல், பெற்றோர் கையெழுத்து என்று மறுபடி எழுதினேன். மகனுடையது நீங்கிவிட்டதாகப் போன வாரம் கடிதம் வந்தது. மகளுடையதற்கு 45 நாள் முடிய இன்னும் ஆறு நாள் இருக்கிறது.