சோழியுடன் ஒன்பது வருடம்: ஜாக் ரஸ்ஸல் டெரியர் வளர்த்த அனுபவம்

சோழி எங்கள் வீட்டுக்கு வந்தது 2016 ஜூன் மாதம். பிறந்து 55 நாள் ஆகியிருந்தது. உடம்பெல்லாம் வெள்ளை, இடது கண்ணைச் சுற்றியும் வாலடியிலும் மட்டும் பழுப்புத் திட்டு. தாயம் விளையாட வைத்திருந்த சோழி மாதிரியே இருக்கிறது என்று ஆறு வயது மகன் வைத்த பெயர் அது. என் மாமியார் பார்த்ததும், “இது அந்தப் பாட்டு பிளேட்டுல கொழாய் முன்னால உக்காந்திருக்குமே, அந்த நாயாட்ட இருக்குது கண்ணு” என்றார். அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. எச்.எம்.வி. இசைத்தட்டில் இருக்கும் நிப்பர், 1884-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்த டெரியர் கலப்பு நாய். அதன் உடம்பில் ஜாக் ரஸ்ஸல் ரத்தமும் உண்டு என்று பலரும் சொல்வார்கள்.

கோவை வடவள்ளியில் எங்களுக்குத் தனி வீடு. பின்னால் நாலு தென்னை, ஒரு செம்பருத்தி, துவைக்கிற கல், சாக்கடை வாய்க்கால். சோழியைப் பார்க்கிற எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “சின்ன நாய்தானே, வேலை கம்மியா இருக்குமே?” இந்த எண்ணத்தோடு யாரும் டெரியர் வாங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டெரியர் என்ற பெயரே மண் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஜாக் என்று செல்லமாக அழைக்கப்பட்ட ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் 1819-இல் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பால்காரரிடம் ட்ரம்ப் என்ற பெட்டை நாயை வாங்கினார். அவர் பெயரில் வழங்கும் நாய்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது. டெவன் பகுதியில் நரி வேட்டைக்காக அவர் வளர்த்தவை இவை. நரி வளைக்குள் ஓடி ஒளிந்துகொண்டால் பின்னாலேயே நுழைந்து, அதைக் கொல்லாமல் குரைத்து வெளியே விரட்ட வேண்டும். அதற்குத்தான் அந்தச் சின்ன உடம்பு. நரியென்று நினைத்துத் தவறுதலாகத் தாக்கிவிடக் கூடாது என்பதற்காக வெள்ளை நிறம். மண்ணுக்கு அடியில் எங்கே இருக்கிறது என்று மேலே நிற்கிற ஆளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக விடாத குரைப்பு. பிறகு ஆஸ்திரேலியாவில் இது தனி இனமாகச் செப்பமானது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டனின் கென்னல் கிளப் இதை அங்கீகரித்ததே 2016-இல், சோழி எங்களிடம் வந்த அதே வருடம்தான்.

இந்தக் கதை தெரியாமல் முதல் எட்டு மாதம் நான் அவளோடு மல்லுக்கு நின்றேன். செம்பருத்தியின் வேர் தெரியும்வரை தோண்டிவிடுவாள். திட்டினால் காது மடங்கும், நான் உள்ளே போனதும் மறுபடி மண் பறக்கும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், வர மாட்டாள். “சொன்ன பேச்சு கேக்காத நாய்” என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டோம். வளைக்குள் போன நாய்க்கு மேலிருந்து கட்டளை கொடுக்க ஆள் கிடையாது, இருட்டில் தானே முடிவெடுத்தாக வேண்டும் என்பது புரிந்த பிறகுதான் எனக்குக் கோபம் குறைந்தது. இருநூறு வருடமாக மனிதர்களே பார்த்துப் பார்த்து வளர்த்த குணத்துக்காக ஒரு குட்டியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தோண்டுவதை நிறுத்த முடியாது, இடத்தை மாற்ற முடியும். கிணற்றுக்கு இறக்குகிற சிமென்ட் உறை ஒன்று, மூன்றடி அகலத்தில், வாங்கி வந்து பின்புறம் வைத்தோம். பாதி உயரத்துக்கு மணலும் செம்மண்ணும் கலந்து கொட்டினோம். காலையில் அவள் பார்க்காதபோது அதில் தேங்காய்த் துண்டு ஒன்று, பழைய துணிப் பந்து ஒன்று, மெல்லுகிற தோல்குச்சி ஒன்று புதைத்து வைப்பேன். முதல் வாரம் நானே கையால் கிளறிக் காட்ட வேண்டியிருந்தது. இரண்டாவது வாரத்தில் செம்பருத்தியை மறந்துவிட்டாள். இப்போது உறைக்குள் தலையை விட்டு, பின்னங்கால்களுக்கு நடுவே மண்ணைப் பீய்ச்சிக்கொண்டு, மூக்கு நுனியில் மண் ஒட்ட நிமிர்ந்து ஒரு மூச்சு இழுப்பாள் பாருங்கள், அந்தக் கால் மணி நேரத்துக்குப் பிறகு இரண்டு மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

நடை தினமும் இரண்டு வேளை. காலை ஐந்தரைக்கு 45 நிமிடம், மாலை ஏழுக்கு மேல் அரை மணி நேரம். ஏப்ரல், மே மாதங்களில் மாலை நடைக்கு முன்னால் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பார்ப்பேன். ஏழு எண்ணும்வரை என்னால் வைத்திருக்க முடியாவிட்டால் அவளுடைய பாதத்துக்கும் அது சூடுதான். நடை மட்டும் போதாது, மூக்குக்கு வேலை வேண்டும். நாலைந்து கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து ஒன்றின் அடியில் மட்டும் வேகவைத்த கோழித்துண்டை வைப்போம். மழைக்காலத்தில் வெளியே போக முடியாத நாளில் இந்த விளையாட்டுதான் எங்களைக் காப்பாற்றியது.

வெளியில் சங்கிலியைக் கழற்றுவது கிடையாது. வீட்டுக்குள் ஆயிரம் முறை கூப்பிட்டு வந்திருக்கலாம், அணிலைப் பார்த்த நொடியில் அந்தக் காதுக்கு எதுவும் கேட்காது. சுவரையும் நம்ப வேண்டாம். எங்கள் காம்பவுண்டு ஐந்தடி. ஒரு வயதிருக்கும்போது துவைக்கிற கல்லில் தாவி, அங்கிருந்து சுவரில் தாவி, பூனை பின்னால் போய்விட்டாள். மூன்று தெரு தள்ளி, தெருநாய்கள் சுற்றி நிற்க நடுவில் நின்று குரைத்துக்கொண்டிருந்தவளை என் கணவர் தூக்கி வந்தார். எதிரில் நிற்பது எவ்வளவு பெரிய நாய் என்ற கணக்கே இவர்களுக்குக் கிடையாது. அந்தக் கல்லுக்கு மேலே மட்டும் இரண்டடி உயரத்துக்குக் கம்பி வலை போட்டோம்.

உடல்நலத்தில் எனக்கு மிகப் பெரிய பாடம் எலியால் வந்தது. 2020 நவம்பர், நல்ல மழை. வாய்க்காலிலிருந்து பெருச்சாளிகள் ஏறி வரத் தொடங்கின. சோழி ஒரே வாரத்தில் மூன்றைப் பிடித்தாள். பிடரியைக் கவ்வி ஒரே உதறு, முடிந்தது. வீட்டில் எல்லோருக்கும் பெருமை. அடுத்த வாரம் அவள் காலையில் எழுந்து வரவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு வெளுத்து, அதில் ஊசியால் குத்தியதுபோலச் சிவப்புப் புள்ளிகள். வயிற்றுப் பக்கம் தோலில் நீலம் பாய்ந்திருந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “பக்கத்துல யாராவது எலி மருந்து வெச்சிருக்காங்களா?” விசாரித்தால் பக்கத்து வீட்டில் நீல நிறக் கட்டி மருந்து நாலு நாளாக வைத்திருந்தார்கள். கட்டியைத் தின்றாளா, அதைத் தின்ற பெருச்சாளியைத் தின்றாளா, இன்றுவரை தெரியாது.

இந்த வகை எலி மருந்து உடனே எதையும் காட்டாது. ரத்தம் உறைவதற்கான புரதங்களை உடம்பு உருவாக்க வைட்டமின் கே வேண்டும், மருந்து அதைத் தடுத்துவிடும். ஏற்கெனவே உடம்பில் இருக்கிற கையிருப்பு தீரும்வரை நாய் ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும். மூன்று, நான்கு நாள் கழித்து உள்ளுக்குள் ரத்தம் கசியத் தொடங்கும். சோழிக்கு வைட்டமின் கே1 ஊசி போட்டு, பிறகு 30 நாள் மாத்திரை கொடுத்தோம். பிழைத்துவிட்டாள். டெரியர் வைத்திருக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எலி மருந்தைத் தின்றதை நேரில் பார்த்தால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு அப்போதே டாக்டரிடம் ஓடுங்கள். எலி மருந்தில் பல வகை உண்டு, எல்லாவற்றுக்கும் வைட்டமின் கே மாற்று மருந்தல்ல. அதன் பிறகு நாங்கள் நாலு எலிக்கூண்டு வாங்கி அக்கம்பக்கத்து வீடுகளில் கொடுத்தோம். பெரும்பாலானோர் மருந்து வைப்பதை விட்டுவிட்டார்கள்.

எலி பிடிக்கும் நாய்க்கு இன்னொரு ஆபத்து எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் வழியாகப் பரவும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். சேர்த்துப் போடும் தடுப்பூசியில் இந்தக் காய்ச்சலுக்கான லெப்டோ ஊசியும் இருக்கிறதா என்று கேட்டு, ஒரு வருடம்கூடத் தவறாமல் போட்டுவிடுவோம், கூடவே வெறிநாய்த் தடுப்பூசியும்.

உண்ணிக் காய்ச்சல் 2018-லேயே வந்துவிட்டது. சாப்பிடாமல் படுத்தாள், ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சரிந்திருந்தன. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை 28 நாள், சாப்பாட்டோடு மட்டும். பத்தாம் நாளே துள்ளத் தொடங்கிவிட்டாள், ஆனாலும் 28 நாளையும் முடித்தோம். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெல்லும் உண்ணி மாத்திரை. அதோடு நடை முடிந்து வந்ததும் காது மடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி என்று கையால் தடவிப் பார்ப்பதை விடுவதில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் குற்றம் எங்கள் அன்பின் மேல்தான். இந்த இனத்துக்கு 25 சென்டிமீட்டர் உயரம் என்றால் 5 கிலோ, 30 என்றால் 6 கிலோ, அவ்வளவுதான் கணக்கு. சோழி நாலு வயதில் 8.2 கிலோவுக்குப் போய்விட்டாள். காலையில் அத்தையின் இட்லியில் பாதி, டீ நேரத்தில் பிஸ்கெட், இரவு மகன் தட்டிலிருந்து முட்டை. ஓடும்போது பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நொண்டி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடத் தொடங்கினாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்திருக்கிறோம், இப்போது நினைத்தால் வலிக்கிறது. முழங்கால் சில்லு இடம் விலகுவதன் அறிகுறி அது. சின்ன நாய்களுக்குச் சகஜமாக வருவது, எடை கூடினால் மோசமாகும். அறுவை சிகிச்சைக்கு முன் எடையைக் குறைத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். ஒன்பது மாதத்தில் 6.1 கிலோவுக்குக் கொண்டுவந்தோம், நொண்டல் அநேகமாக நின்றுவிட்டது.

எடையைப் பார்க்க எனக்குத் தராசு வேண்டியதில்லை. வேட்டைக்காரர்கள் இந்த நாயை அளக்கும் முறை ஒன்று உண்டு: முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தால், மேலே கட்டைவிரல்களும் கீழே மற்ற விரல்களின் நுனிகளும் தொட வேண்டும். தொட்டால்தான் அது நரி வளைக்குள் நுழையும். மாதம் ஒருமுறை சோழியை அப்படிப் பிடித்துப் பார்ப்பேன். 8.2 கிலோ இருந்தபோது விரல்களுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது.

இப்போது தினசரி உணவு வேகவைத்த கோழி, கொஞ்சம் சோறு, பூசணி அல்லது கேரட், அளந்து போட்ட உலர் உணவு. சமைத்த எலும்பு கிடையாது. வெங்காயம், சாக்லேட் கூடாது என்பது பலருக்குத் தெரியும். திராட்சையும் கூடாது, உலர்ந்ததும்கூட. விசேஷ நாளில் பாயசக் கிண்ணத்தை அவளுக்கு எட்டாமல் வைப்பது மகனின் பொறுப்பு.

வழவழப்பான சின்ன முடிதானே, கொட்டாது என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். வருடம் முழுக்கக் கொட்டும். ஊசிபோலக் குத்தி நிற்கும் அந்த வெள்ளை முடியைப் பருத்திப் புடவையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கத்தான் வேண்டும். வாரம் இரண்டு முறை ரப்பர் பிரஷ், மாதம் ஒரு குளியல். பல்லை நாங்கள் கவனிக்கவில்லை. ஏழு வயதில் காறை எடுக்கும்போது இரண்டு பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. இப்போது வாரம் மூன்று நாள் நாய்களுக்கான பற்பசையால் துலக்குகிறேன். கண் பரிசோதனையும் வருடம் ஒருமுறை. டெரியர்களில் கண்ணின் லென்ஸ் இடம் பெயரும் பரம்பரைக் கோளாறு உண்டு. கண் திடீரென்று சிவந்து, கலங்கி, வலியில் மூடிக்கொண்டால் மறுநாள்வரை தள்ளிப் போடாதீர்கள், பார்வை போய்விடும்.

தீபாவளிக்குப் பல நாய்கள் கட்டிலுக்கு அடியில் ஒளியும். சோழி வெடியைப் பிடிக்கப் பாய்வாள். அந்த மூன்று நாளும் மாலையானால் அவள் இருப்பது உள்ளறையில், கதவு சாத்தி, ஃபேனும் டிவியும் ஓடும்.

குழந்தைகளோடு எப்படி என்று கேட்கிறார்கள். என் மகனோடு உயிர். ஆனால் வாலை இழுத்தால், தூங்கும்போது தூக்கினால், வாயில் இருப்பதைப் பிடுங்கினால் உறுமுவாள், அதையும் மீறினால் பல் படும். விவரம் தெரியாத வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இந்த இனத்தை நான் சொல்ல மாட்டேன். பத்து மணி நேரம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் சொல்ல மாட்டேன். அடுக்குமாடியில் வளர்க்கலாம், தினமும் ஒன்றேகால் மணி நேரம் உங்களால் கொடுக்க முடிந்தால்.

குட்டி வாங்குவதானால் தாய் நாயைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்குங்கள். குட்டிக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் கீழே போட்டுப் பாருங்கள். வெள்ளை அதிகமுள்ள நாய்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு. நீண்ட நாள் கூடவே இருக்கப்போகிற உறவு இது. பிரிட்டனில் 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒப்பிட்ட இனங்களிலேயே சராசரி ஆயுள் அதிகம் இருந்தது ஜாக் ரஸ்ஸலுக்குத்தான், 12.72 வருடம்.

குட்டிதான் வேண்டும் என்றும் இல்லை. குட்டியின் அழகு போய், தோண்டலும் குரைப்பும் தொடங்கும் ஒரு வயது வாக்கில் இவற்றைக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். எங்கள் பகுதியிலேயே அப்படி இரண்டைப் பார்த்தேன். ஒன்றை, தோட்டம் வைத்திருக்கும் என் சிநேகிதி எடுத்துக்கொண்டாள். முதல் நாளே கேட்டாள், “மண்ணைத் தோண்டுதுடி, என்ன பண்ண?” சிமென்ட் உறை எங்கே கிடைக்கும் என்று சொல்லி, பாதிக்கு மேல் மணல் போடாதே என்றேன்.